இடது பக்கம் எங்கே போனது? பழைய ஸ்டீரியோவை 5.1-இல் சேர்த்த பதிவு

வால்யூமைக் கொஞ்சம் கூட்டினால் ‘டப்’ என்று ஒரு சத்தம். அதோடு இடது ஸ்பீக்கர் விழித்துக்கொள்ளும். அதன்பின் மணிக்கணக்கில் நன்றாகப் பாடும். அணைத்துவிட்டு மறுநாள் போட்டால் மறுபடி ஊமை. மாமாவிடமிருந்து என் கைக்கு வந்த ஸ்டீரியோ ரிசீவரின் நோய் இதுதான். 1970களின் கடைசியில் வந்த ரகம் அது: வெள்ளி நிற முகப்பு, ரேடியோ நிலையம் தேட ஓடும் ஊசி, ஒரு கையால் தூக்க முடியாத கனம். கூடவே பத்து அங்குல ஊஃபர் (ஆழ்ந்த ஒலிக்கான பெரிய கூம்பு) வைத்த மூன்று வழி ஸ்பீக்கர் ஒரு ஜோடி. அவற்றின் வலைத்துணியைக் கழற்றியதும் ஊஃபரின் ஃபோம் விளிம்பு கருப்புத் தூளாக மடியில் கொட்டியது.

என்னிடம் ஏற்கெனவே ஒரு ஏ.வி. ரிசீவரும் (படத்தின் ஒலியைப் பல ஸ்பீக்கருக்குப் பிரித்தனுப்பும் கருவி) 5.1 ஸ்பீக்கர் செட்டும் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்ஊஃபர்) இருந்தன. படத்துக்கு அது போதும். பாட்டுக்கு அதன் சின்ன முன் ஸ்பீக்கர்கள் எனக்குப் பிடித்ததே இல்லை. அதனால் இரண்டையும் சேர்ப்பது என்று முடிவு செய்தேன்: பழைய ரிசீவர் முன் இடது, வலது இரண்டுக்கும் பவர் ஆம்ப்ளிஃபையராக நிற்கும், மிச்ச மூன்று ஸ்பீக்கரையும் புதியது பார்த்துக்கொள்ளும், ஆழ்ந்த ஒலிக்கு சப்ஊஃபர் தனியாக இருக்கிறது.

பழைய செட் கிடைத்த உடனே, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகமான கெபாசிட்டர் எல்லாவற்றையும் கழற்றி வீசுகிறவர்கள் உண்டு. மூன்று மாத வார இறுதிகளை இதில் செலவழித்தபின் எனக்குப் பட்டது வேறு. என் செட்டில் வந்த கோளாறுகளில் முக்கால்வாசி, பாகம் செத்துப்போனதால் வந்தவை அல்ல. தொட வேண்டிய இரண்டு உலோகம் சரியாகத் தொடவில்லை. இல்லாவிட்டால், தொடக் கூடாத இரண்டு தொட்டுக்கொண்டிருந்தன. கீழே வருவதெல்லாம் ஏறக்குறைய இந்த ஒரே கதைதான்.

முதலில் ஒரு குண்டு பல்பு

பல வருடம் தூங்கிய செட்டை நேராக மின்சாரத்தில் செருகக் கூடாது. 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடர் இணைப்பில் போட்டு, அதன் வழியாக மட்டுமே மின்சாரம் கொடுத்தேன். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், செட் பிழைக்கும். இழை பல்புதான் வேண்டும், எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு உதவாது. சுவிட்சைத் தட்டியதும் பல்பு பளீரென்று எரிந்து, இரண்டு விநாடிக்குள் மங்கி, இழை மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. ஃபில்டர் கெபாசிட்டர்கள் நிரம்பும்போது வரும் முதல் வெளிச்சம் அது. அது தணிந்தது நல்ல சகுனம்.

திறந்து வேலை செய்யும் முன் அந்தக் கெபாசிட்டர்களைக் காலி செய்ய வேண்டும். என் செட்டில் இரண்டு, ஒவ்வொன்றும் 10,000 மைக்ரோஃபாரட், ஒன்றில் பிளஸ் 40 வோல்ட், மற்றதில் மைனஸ் 40. ஸ்குரூடிரைவரால் முனைகளைச் சேர்த்துப் பொறி பறக்க விடும் பழக்கம் வேண்டாம். கெபாசிட்டருக்கும் நல்லதல்ல, கண்ணுக்கும் நல்லதல்ல. 1,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வயரோடு சேர்த்து, இன்சுலேஷன் சுற்றி வைத்திருக்கிறேன். ஒரு நிமிடம் பிடித்தால் மின்னழுத்தம் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்துவிடும். மீட்டரில் பார்த்து உறுதி செய்தபின்தான் கையை உள்ளே விடுவேன்.

ஸ்பீக்கர் முனைகளில் டி.சி. (ஒரே திசையில் ஓடும் மின்சாரம், ஸ்பீக்கருக்கு ஆகாதது) அளவு பார்த்தேன். இடது 18 மில்லிவோல்ட், வலது 31. ஐம்பதுக்குள் இருந்தால் எனக்குக் கவலை இல்லை. அதாவது பவர் ஆம்ப்ளிஃபையர் இரண்டும் உயிரோடு இருக்கின்றன. அப்படியானால் இடது பக்கம் எங்கே போனது?

ரிலே

கழற்றுவதற்கு முன் மாற்றிப் பார்ப்பதுதான் என் வழக்கம். ஸ்பீக்கர் வயரை இடம் வலமாக மாற்றினேன். கோளாறு இடது முனையிலேயே நின்றது. ஆகவே ஸ்பீக்கர் இல்லை. உள்ளீட்டு வயரை மாற்றினேன், அப்போதும் இடதுதான். ஆகவே பாட்டு வரும் கருவி இல்லை. பிறகு ஹெட்ஃபோனைச் செருகினேன். இரண்டு காதிலும் சமமாகக் கேட்டது! இந்த செட்டில் ஹெட்ஃபோனுக்கான இணைப்பு ரிலேக்கு முன்னாலேயே பிரிகிறது என்பதை சர்க்யூட் படத்தில் பார்த்துவைத்திருந்தேன். ஆம்ப்ளிஃபையர் வரைக்கும் எல்லாம் சரி. மிச்சம் இருப்பது இரண்டே இடம்: ஸ்பீக்கர் தேர்வு சுவிட்ச், அல்லது ரிலே.

ரிலேயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மின்காந்தச் சுருளால் தானாக இயங்கும் சுவிட்ச் அது. செட்டைப் போட்டு மூன்று நாலு விநாடி கழித்து உள்ளே ‘டிக்’ என்று கேட்குமே, அது இதுதான். செட் போட்டவுடன் வரும் உதறல் ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுக்கும். டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆகி முழு 40 வோல்ட் டி.சி.யும் வெளியே வந்தால், உடனே இணைப்பை அறுத்து ஊஃபர் சுருள் கருகாமல் காப்பாற்றும். அவ்வளவு பெரிய காவல்காரன், ஆனால் மொத்தப் பாட்டும் அவனுடைய இரண்டு சின்ன வெள்ளி முனைகள் வழியாகத்தான் போக வேண்டும். காலப்போக்கில் அந்த முனைகளில் கருமை படிகிறது. சின்ன மின்னழுத்தம் அந்தப் படலத்தைத் தாண்ட முடியாமல் நிற்கிறது. வால்யூமைக் கூட்டினால் அழுத்தம் கூடி, படலத்தை உடைத்துக்கொண்டு பாய்கிறது. அந்த ‘டப்’ சத்தம் அதுதான்.

சுவிட்சைச் சுத்தம் செய்தும் மாற்றம் இல்லை. சந்தேகத்தோடு சால்டரை உறிஞ்ச எனக்கு மனம் வராது, அதனால் அளந்து பார்த்தேன். 100 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றைக் கொடுத்து, ரிலேக்கு முன் ஒரு வோல்ட் வரும்படி வால்யூமை வைத்தேன். ரிலேக்குப் பின்னும் ஒரு வோல்ட். குழப்பமாக இருந்தது. பிறகுதான் உறைத்தது: சுமை இல்லாமல் அளந்தால் மோசமான முனையும் முழு அளவையே காட்டும். ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம் ரெசிஸ்டரை மாட்டினேன். முன்னால் 1.00 வோல்ட், பின்னால் 0.68. திருடன் அகப்பட்டான்.

ரிலேயைக் கழற்றி, அதன் சுருளுக்குத் தனியாக 24 வோல்ட் கொடுத்து முனைகளை அளந்தேன். மீட்டர் வயரின் தடையைக் கழித்துவிட்டால், வலது முனை 0.1 ஓம். இடது 3.8 ஓம், ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் வேறு வேறு எண். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் 3.8 ஓம் உட்கார்ந்தால் ஒலி 3.4 டெசிபெல் குறையும். கேட்டுக்கொண்டிருக்கும்போதே இடது பக்கம் மெலிவது போல் எனக்குத் தோன்றியது பிரமை இல்லை.

பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியதும் முனைகள் வெறும் கண்ணுக்கே தெரிந்தன. வலது முனை மங்கிய வெள்ளி. இடது முனை அடுப்புக் கரி நிறம். இதற்கு உப்புத்தாள் வேண்டாம், வெள்ளிப் பூச்சு போய்விடும். விசிட்டிங் கார்டை நீளவாக்கில் மெல்லிய பட்டையாக வெட்டி, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் தொட்டு, முனைகளுக்கு நடுவில் வைத்து விரலால் இலேசாக மூடிக்கொண்டு இழுத்தேன். அட்டையில் பென்சில் கோடு போலக் கருப்பாகப் பதிந்தது. அடுத்த பட்டை, அதற்கடுத்த பட்டை. பதினோராவது பட்டை வெள்ளையாக வெளியே வந்தது. மறுபடி அளந்தால் 0.2 ஓம். திரும்ப மாட்டிப் போட்டேன், மிகத் தாழ்ந்த வால்யூமிலேயே இரண்டு பக்கமும் ஒன்றாக எழுந்தன. அந்தக் கணம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் சுத்தம் செய்வது தற்காலிகம்தான். மூன்று வாரத்தில் இடது பக்கம் மறுபடி மெலிந்தது. பூச்சு ஏற்கெனவே எரிந்துபோயிருந்தால் துடைத்து என்ன பயன்? அதே சுருள் மின்னழுத்தம், அதே கால் அமைப்பு, முனைக்குக் குறையாத மின்னோட்டத் திறன் மூன்றையும் பார்த்துப் புது ரிலே வாங்கிப் போட்டேன். நீங்கள் செய்வதானால் முதல் நாளே புது ரிலே போட்டுவிடுங்கள். துடைத்துப் பார்ப்பது நோயை உறுதி செய்ய மட்டும்.

வால்யூம், பாஸ், டிரெபிள் குமிழ்கள், டேப் மானிட்டர் சுவிட்ச் எல்லாவற்றிலும் காண்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு, முப்பது நாற்பது முறை முழுக்கத் திருப்பியதில் கரகரப்பு போய்விட்டது. துரு எடுக்க அடிக்கும் எண்ணெயை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்; அது தூசியைப் பிடித்துவைத்து, அடுத்த வருடம் நிலைமையை இன்னும் மோசமாக்கும். பயாஸ் மின்னோட்டத்தையும், அதாவது பாட்டு இல்லாதபோதும் பவர் டிரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு மின்னோட்டத்தையும், சரிபார்த்தேன். 0.33 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே 10 மில்லிவோல்ட் வந்தால் 30 மில்லியாம்பியர். சர்வீஸ் மேனுவலில் சொன்ன அளவு. செட் அரை மணி நேரம் சூடான பிறகுதான் இதை அளக்க வேண்டும்.

ஊஃபரின் விளிம்பு

பாலியூரிதேன் ஃபோம் காற்றின் ஈரத்திலேயே மெல்ல மெல்லச் சிதைந்துவிடும். பதினைந்து இருபது வருடத்தில் விரல் பட்டால் உதிரும். ஸ்பீக்கரை ஓட்டினோமா, சும்மா வைத்திருந்தோமா என்பது பெரிதில்லை. கூம்பு நன்றாக இருந்தால், சுருள் அறுந்திராவிட்டால், விளிம்பை மட்டும் மாற்றலாம். சுருளை மீட்டரில் பார்த்தேன்: இரண்டிலும் 6.2 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு இது சரியான எண்தான், டி.சி. தடை எப்போதும் பெயர்த் தகட்டில் போட்டிருப்பதைவிடக் குறைவாக இருக்கும்.

பழைய ஃபோமையும் பசையையும் ஐசோப்ரோபைல் தொட்டு விரல் நகத்தால் சுரண்டி எடுக்க ஒரு முழு மாலை ஆனது. இதில் அவசரம் கூடாது. காகிதக் கூம்பு ஊறிப்போனால் ஓரம் பிசிறிவிடும்.

முதல் ஊஃபரைச் சுருக்க வழியில் செய்தேன். புது விளிம்பை முதலில் கூம்பில் ஒட்டிக் காயவிட்டு, பிறகு இரும்புச் சட்டத்தில் ஒட்டும்போது கூம்பைக் கையால் நடுவில் நிறுத்திப் பிடித்தேன். மறுநாள் 30 ஹெர்ட்ஸ் தொனியை மெல்லிய அளவில் கொடுத்தால் ‘கிர்ர்’ என்று ஓர் உரசல். இரண்டு கட்டை விரலையும் கூம்பில் எதிரெதிராக வைத்து மெதுவாக அழுத்தினால், அந்த உரசல் விரல் நுனியில் தெரிந்தது. மணல் பட்ட காகிதத்தைத் தடவுவது மாதிரி. காந்தத்துக்கும் சுருளுக்கும் நடுவில் இருப்பது மயிரிழை இடைவெளி. விளிம்பு ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் இழுத்தாலும் சுருள் போய் இரும்பைத் தொட்டுவிடும்.

உரித்து, இன்னொரு விளிம்பு வாங்கி, இந்த முறை முறையாகச் செய்தேன். நடுவில் இருக்கும் தூசுமூடியைப் புதிய பிளேடால் வட்டமாக அறுத்தெடுத்து, சுருளுக்கும் நடு இரும்புக்கும் இடையில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் பட்டைகள் நான்கை நாலு திசையிலும் செருகினேன். சுருள் அசையாமல் நடுவில் நின்றது. அப்புறம்தான் விளிம்பைச் சட்டத்தில் ஒட்டி, 24 மணி நேரம் தொடாமல் விட்டேன். பட்டைகளை உருவிவிட்டு அழுத்திப் பார்த்தால் ஒரு சத்தமும் இல்லை. கூம்பு தண்ணீரில் இறங்குவது போல இறங்கி ஏறியது. இரண்டாவது ஊஃபரையும் இதே மாதிரி செய்தேன். பட்டை வைக்காமல் செய்யலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்; நான் இனிச் செய்ய மாட்டேன்.

இரண்டு சிவப்பில் பின்பக்கம்

ஏ.வி. ரிசீவரோடு சேர்க்கும் முன், இந்தப் பழைய செட்டை மட்டும் வைத்து ஒரு பழைய வித்தையைச் செய்து பார்க்கும் ஆசை ரொம்ப நாளாக இருந்தது. 1970களின் தொடக்கத்தில் டேவிட் ஹாஃப்லர் என்ற பொறியாளர் பரப்பிய முறை அது. டிகோடர் வேண்டாம், இன்னொரு ஆம்ப்ளிஃபையர் வேண்டாம். பின்னால் வைக்கும் இரண்டு ஸ்பீக்கர்களின் கறுப்பு முனைகளை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டு, சிவப்பு முனைகளை ஆம்ப்ளிஃபையரின் இடது சிவப்பிலும் வலது சிவப்பிலும் மாட்ட வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு சேனலிலும் ஒரே மாதிரி இருக்கும் ஒலி, அதாவது நடுவில் நிற்கும் பாடகர் குரல், இரண்டு சிவப்புக்கும் இடையில் வித்தியாசமே உண்டாக்காது, பின்பக்கம் பேசாது. இடமும் வலமும் எங்கே வேறுபடுகின்றனவோ, அந்த வேறுபாடு மட்டும் பின்னால் கேட்கும். அரங்கத்தின் எதிரொலி, கைதட்டல், மழைச் சத்தம் எல்லாம் பெரும்பாலும் அந்த வேறுபாட்டில்தான் ஒளிந்திருக்கின்றன. மோனோ பாட்டைப் போட்டேன்: பின்பக்கம் கிட்டத்தட்ட நிசப்தம். மேடைக் கச்சேரிப் பதிவைப் போட்டேன்: பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்ததும், அறையின் பின்சுவரே திறந்துகொண்ட மாதிரி இருந்தது.

இதை எல்லா ஆம்ப்ளிஃபையரிலும் செய்யக் கூடாது. செட் அணைந்திருக்கும்போது இரண்டு கறுப்பு முனைகளுக்கும் நடுவே மீட்டர் பூஜ்யம் ஓம் காட்டுவது முதல் நிபந்தனை. சர்க்யூட் படத்திலும் இரண்டும் பொது கிரவுண்டில் சேர்கின்றனவா என்று பாருங்கள். பிரிட்ஜ் முறையில், அதாவது கறுப்பு முனையிலும் சிக்னல் வரும்படி, ஓடும் இன்றைய பல சின்ன டிஜிட்டல் ஆம்ப்ளிஃபையர்களில் இப்படி மாட்டினால் ஆபத்து. சுமையையும் கணக்கில் வையுங்கள்: நாலும் 8 ஓம் ஸ்பீக்கர் என்றால், எதிரெதிர் சிக்னல் வரும்போது ஒவ்வொரு சேனலும் 4 ஓம் வரை தாங்க வேண்டியிருக்கும்.

1982இல் வீட்டுக்கு வந்த டால்பி சரவுண்டும் இந்த வேறுபாட்டைப் பிரித்தெடுக்கும் யோசனையில்தான் நின்றது. பின்பக்க ஒலியைச் சற்றே தாமதப்படுத்தி, 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டி அனுப்பியது. 1987இல் வந்த புரோ லாஜிக்கில் நடு ஸ்பீக்கரும், ஒலி எந்தத் திசையில் ஓங்குகிறதோ அங்கே திருப்பிவிடும் சர்க்யூட்டும் சேர்ந்தன. இரண்டு சேனலுக்குள் நாலு பக்கத்தை மடித்துவைத்த அந்தக் காலப் பதிவுகளை, வெறும் ஒரு வயர் இணைப்பால் கொஞ்சமாவது விரித்துப் பார்க்க முடிகிறது என்பது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

பழையதும் புதியதும்

இந்த ரிசீவரின் பின்பக்கம் ‘ப்ரீ அவுட்’, ‘மெயின் இன்’ என்று நாலு ஆர்.சி.ஏ. துளைகள் உண்டு. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு ‘ப’ வடிவ உலோகத் துண்டுகள் அவற்றைச் சேர்த்து நிற்கும். அந்தத் துண்டுகளை எடுத்துவிட்டால் செட் இரண்டாகப் பிரிந்துவிடும்: முன்பாதி வால்யூமையும் தொனியையும் பார்க்கும் ப்ரீஆம்ப், பின்பாதி ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப். ஏ.வி. ரிசீவரின் முன் சேனல் ப்ரீ அவுட்டிலிருந்து வரும் வயரை ‘மெயின் இன்’னில் செருகினால் வேலை முடிந்தது. துண்டுகளை எடுக்கும்போது செட் அணைந்திருக்க வேண்டும். வால்யூம் குமிழுக்கு இங்கே அதிகாரம் இல்லை. திறந்து கிடக்கும் ‘மெயின் இன்’னில் விரல் பட்டால் ஸ்பீக்கர் முழு பலத்தில் உறுமும்.

துண்டுகளை உருவியபோது பார்த்தேன், கால்களில் பச்சை பூத்திருந்தது. வலது பக்கத்தில் அவ்வப்போது வந்த ‘பொரபொர’ சத்தத்துக்கு அதுதான் காரணமாக இருந்திருக்க வேண்டும். துளைகளைத் துடைத்தபின் அது திரும்பவே இல்லை.

போடும்போது முதலில் ஏ.வி. ரிசீவர், பிறகு பழையது. அணைக்கும்போது பழையது முதலில். மாற்றிச் செய்தால், புதியது எழும்போதும் படுக்கும்போதும் விடும் தட்டு நேராக ஊஃபருக்குப் போகும்.

எல்லாம் மாட்டி முதன்முறை போட்டேன். பாட்டு வரவில்லை, ஆழமாக ‘உம்ம்’ என்று ஓர் ஒலி மட்டும். இரைச்சலின் சுருதியைக் கவனித்தால் பாதி வேலை முடியும். மின்சார அலையின் அதே 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் மென்மையாக முனகினால், பெரும்பாலும் கிரவுண்ட் லூப். அதன் இரண்டு மடங்கில் கரடுமுரடாக உறுமினால் ஃபில்டர் கெபாசிட்டரைப் பார்க்க வேண்டும். இது மென்மையானது. வயர்களை ஒவ்வொன்றாக உருவினேன். எச்.டி.எம்.ஐ.யை உருவினேன், நின்றது. திரும்பச் செருகிவிட்டு, டி.வி.யின் பின்னால் போய் ஆன்டெனா கேபிளை உருவினேன். அப்போதும் நின்றது! கேபிளின் வெளி உறை வெளியே ஓரிடத்தில் எர்த்தைத் தொடுகிறது. என் சப்ஊஃபர் மூன்று முள் பிளக் வழியாக இன்னோரிடத்தில் தொடுகிறது. இரண்டு எர்த்துக்கும் இடையே உள்ள சிறு வித்தியாசம் என் ஆர்.சி.ஏ. வயரின் உறை வழியாகப் பயணம் செய்துகொண்டிருந்தது. ஆன்டெனா கேபிளில் அந்த எர்த் தொடர்பை அறுக்கும் ஐசொலேட்டர் ஒன்றைச் சேர்த்ததும் ஸ்பீக்கருக்குள் காதை வைத்தாலும் மூச்சு போன்ற மெல்லிய இரைச்சல் தவிர வேறொன்றும் இல்லை.

இந்த நோய்க்குச் சிலர் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிடச் சொல்வார்கள். செய்யவே செய்யாதீர்கள். அந்த முள் உங்கள் உயிருக்கான காவல்.

அளவு நாடா

அடுத்தது ஏ.வி. ரிசீவரோடு வந்த மைக்கை நான் உட்காரும் இடத்தில் காது உயரத்தில் நிறுத்தி, தானாக அளக்கும் வேலை. உடனே ஒரு எச்சரிக்கை: முன் வலது ஸ்பீக்கர் முனை மாறியிருக்கிறதாம். இந்த எச்சரிக்கை சில நேரம் தவறாகவும் வரும், அதனால் 1.5 வோல்ட் பேட்டரியால் சோதித்தேன். ஸ்பீக்கர் பெட்டியின் சிவப்பில் பிளஸ், கறுப்பில் மைனஸ் என்று ஒரு கணம் தொட்டால், சரியான இணைப்பில் ஊஃபர் கூம்பு வெளியே துள்ள வேண்டும். இது என் ஸ்பீக்கருக்கான கணக்கு. ஊஃபரைத் தலைகீழாக இணைத்தே வடிவமைத்த பெட்டிகளும் உண்டு, ஆகவே இரண்டு பெட்டியும் ஒரே பக்கம் துள்ளுகின்றனவா என்பதுதான் முக்கியம். இடது வெளியே வந்தது. வலது உள்ளே போனது. விளிம்பு மாற்றிவிட்டுத் திரும்பச் சால்டர் வைத்தபோது வலது ஊஃபரின் இரண்டு வயரையும் நான் மாற்றி வைத்திருக்கிறேன். வயர் நிறத்தை நம்பியது தவறு; கழற்றும் முன் புகைப்படம் எடுத்து, பிளஸ் முனையில் பேனாவால் புள்ளி வைத்திருக்க வேண்டும். சரிசெய்தபின் இரண்டுக்கும் நடுவில் கலங்கிக் கிடந்த குரல், டி.வி.யின் நடுவில் ஓர் ஆளாக வந்து நின்றது.

தூரங்கள் முன் இரண்டும் 2.8 மீட்டர், சென்டர் 2.6, பின் இரண்டும் 1.6 என்று வந்தன. அளவு நாடாவும் அதையே சொன்னது. ஒலி ஒரு மில்லிவிநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். பின் ஸ்பீக்கர் 1.2 மீட்டர் கிட்டே இருப்பதால், ரிசீவர் அதை மூன்றரை மில்லிவிநாடி நிறுத்தி வைத்துத்தான் விடுகிறது. சப்ஊஃபர் மட்டும் நாடாவில் 3.4 மீட்டர், ரிசீவரில் 4.9. பிழை என்று நினைத்து நாடாவின் எண்ணைப் போட்டேன். ஊஃபரும் சப்பும் கலக்கும் இடத்தில் ஒலி மெலிந்துபோனது. சப்ஊஃபருக்குள் இருக்கும் ஃபில்டர் சிக்னலைத் தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதத்தையும் தூரமாகக் கணக்குப் போட்டுத்தான் ரிசீவர் கூடுதலாகக் காட்டுகிறது. அந்த எண்ணைத் தொடாமல் விடுவதே சரி.

என் அறையின் நீளம் 4.3 மீட்டர். 343-ஐ அதன் இரண்டு மடங்கால் வகுத்தால் 40 ஹெர்ட்ஸ் வரும். அந்தத் தொனியைப் போட்டு நடந்து பார்த்தேன்: சுவரோரம் காது அடைக்கும், அறையின் சரி நடுவில் ஏறக்குறைய காணாமல் போகும். என் நாற்காலி அந்த நடுவுக்கு ரொம்பக் கிட்டே இருந்தது. நாற்காலியை அறுபது சென்டிமீட்டர் பின்னால் தள்ளி, எல்லாவற்றையும் மறுபடி அளக்க வைத்தேன். புது சப்ஊஃபர் வாங்கியிருந்தாலும் இவ்வளவு மாற்றம் வந்திருக்காது. பின் ஸ்பீக்கர்களையும் அந்தச் சாக்கில் நேர் பின்னாலிருந்து பக்கவாட்டுக்குக் கொண்டுவந்தேன், முன்திசையிலிருந்து 110 பாகை அளவில்.

பழைய ஊஃபர்கள் நாற்பது ஹெர்ட்ஸ் வரை இறங்கக் கூடியவை. இருந்தாலும் ரிசீவரில் ‘ஸ்மால்’ என்றே வைத்து, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை சப்ஊஃபருக்குத் தள்ளினேன். புது விளிம்புக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மருக்கும் படத்து வெடிகளைச் சுமக்கும் வேலை எதற்கு?

டி.வி.யில் படம் போட்டால் பின்பக்கம் பேசவில்லை. டி.வி.யின் ஒலி அமைப்பு ‘பி.சி.எம்.’ என்று இருந்தது; டி.வி.யின் ஒலியை எச்.டி.எம்.ஐ. வயரிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏ.ஆர்.சி. வழியாக அது இரண்டு சேனலை மட்டுமே அனுப்பும். ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்றியதும் சரியானது.

மூடியை மாட்டும் முன் அதன் உள்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டினேன். இனி இதைத் திறக்கப் போகிறவர் நானாகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். பென்சிலால் எழுதியது இது: ‘பயாஸ் இரண்டு பக்கமும் 10 மில்லிவோல்ட். டி.சி. இடது 18, வலது 31. ரிலே புதிது. வலது ஊஃபரின் பிளஸ் முனையில் நீலப் புள்ளி.’